சாப்பு, யூபிஎஸ், மூன்று வெள்ளிக்கு ஒரு பேட்டரி: ஆலை சர்வரை வீட்டிலிருந்து ஏற்றிய கதை

நேற்று இரவு 11.40-க்குத் திரையில் 'கம்ப்ளீட்' என்று விழுந்தது. பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எல்லாரையும் மன்னித்துவிடுவேன், அப்புறம் இதை எழுதிப் பயனில்லை.

எங்கள் கம்பெனி செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு ஆலைக்கொரு சர்வர் வைத்துக் கொடுக்கிறது. குலை லோரிகளின் எடைக் கணக்கு, பாய்லர் அளவுகள், கேமரா எல்லாம் அதில்தான் ஓடும். இணைய லைன் அறுந்தாலும் எடை போடுவது நிற்கக்கூடாது. வெட்டிய குலை தேங்கினால் எண்ணெயில் அமிலம் ஏறும், அப்புறம் மேனேஜரிடம் பேச்சு வாங்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் நிர்வகிக்கும் தலைமைக் கிளவுட் சைபர்ஜெயாவில் இருக்கிறது, ஆலைகளில் இருப்பவை அதற்குக் கீழே ஓடும் சப்கிளவுட்கள். மென்பொருள் ஸ்டார்லிங்எக்ஸ், 2018-ல் வந்த ஓப்பன் சோர்ஸ் திட்டம். நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில், வீட்டு ஹாலில். 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் யாரும் மாற்றவில்லை.

தூரத்திலிருந்து மென்பொருள் ஏற்றும் முறை தெரிந்தவர்களுக்குத் தெரியும். சர்வரைத் தூரத்திலிருந்து இயக்க அதற்குள்ளேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு, பெயர் பிஎம்சி. அதனிடம் ரெட்ஃபிஷ் என்ற பொது நெறிமுறை வழியாக ஒரு சின்ன ஐஎஸ்ஓவை (வட்டு போல மாட்டுகிற ஃபைல்) மாட்டச் சொல்கிறோம். மெஷின் அதிலிருந்து எழுந்து மிச்சத்தைத் தலைமைக் கிளவுடிலிருந்து இழுத்துக்கொள்ளும். பிறகு பூட்ஸ்ட்ராப்பை, அதாவது முதல் அமைப்பு வேலையை, ஆன்சிபிள் என்ற தானியங்கி மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆள் போகவே வேண்டாம். மீட்டிங்கில் காட்டிய ஸ்லைடிலும் 'சைட் விசிட்: பூஜ்யம்' என்றுதான் இருந்தது. நான் நான்கு தடவை போனேன்.

முதல் தடவை வாசலோடு சரி. சர்வரை ரேக்கில் ஏற்ற மட்டும் ஒருமுறை போயே ஆகவேண்டும், அதற்கு எஸ்டேட் ஆபீஸில் பாஸ் வாங்க வேண்டும். கம்பெனிக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சாப்பு எங்க?"

"டிஜிட்டல் சைன் இருக்குங்க ஐயா, கீழ பாருங்க."

"அது உங்க கம்ப்யூட்டருக்கு. எனக்குச் சாப்பு வேணும். நீ நம்ம பழைய மண்டோர் மகன்தானே?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் நம்பிக்கையோடு. மண்டோர் என்றால் கங்காணி.

"உங்கப்பாவுக்கே சாப்பு இல்லாம லீவு குடுத்ததில்ல தம்பி."

அவ்வளவுதான். கோலாலம்பூர் ஆபீஸில் அந்தச் சாப்பு, அதாவது ரப்பர் ஸ்டாம்ப், எந்த டிராயரில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு இரண்டு நாள் ஆனது. இந்த மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள் கடிதத்தில் சாப்பு, ஐசி (அடையாள அட்டை) நகல் இரண்டு, காலில் சேஃப்டி பூட்ஸ், இந்த மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள். பூட்ஸ் இல்லையென்றால் ஜாகா (காவலாளி) ஆலை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்.

இரண்டாவது தடவை சாப்போடு போய் ரேக்கில் ஏற்றி, கேபிள் மாட்டி, பிளக்கைச் செருகி, மூன்று மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்கு இரண்டு தப்பு செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போது தெரியாது. ஒன்று அன்று மாலையே தெரிந்தது. சர்வரின் முன்பக்கத்தில் இழுத்தால் வரும் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், பிஎம்சியின் பாஸ்வேர்டு அதில்தான் ஒட்டியிருக்கும். முன்பெல்லாம் எல்லாப் பெட்டிக்கும் ஒரே டிஃபால்ட் பாஸ்வேர்டு. கலிஃபோர்னியாவில் 2020 தொடக்கத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பெட்டிக்குப் பெட்டி வேறு. அதைப் படம் எடுக்காமல் வந்துவிட்டேன்.

ஆலை லேபில் வேலை செய்கிற பெண்ணுக்குப் போன் அடித்தேன். பாவம், எண்ணெய் மாதிரி எடுக்கிற வேலைக்கு நடுவில் வந்து படித்துச் சொன்னாள்.

"நாலாவது எழுத்து என்ன தங்கச்சி, பி-யா எட்டா?"

"எட்டு மாதிரிதான் இருக்கு அண்ணே. இல்ல, பி. ஒரு பக்கம் நேரா இருக்கிற மாதிரியும் இருக்கு."

எட்டு, பி, ஓ, பூஜ்யம் என்று மாற்றி மாற்றிப் போட்டதில் ஐந்தாவது தப்புக்குப் பிஎம்சி கதவைச் சாத்திக்கொண்டது. அது திறப்பதற்குள் அவளே போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு படம் அனுப்பிவிட்டாள். பி-தான். அந்த லேபலின் மேல் யாருடையதோ எண்ணெய்க் கட்டைவிரல் அடையாளம். எந்தச் சர்வரையும் ரேக்கில் தள்ளுவதற்கு முன் அந்த நாக்கைப் படம் எடுங்கள். ஸ்க்ரூ முறுக்குவதெல்லாம் அப்புறம்.

முதல் இன்ஸ்டால், நெட்வொர்க் கார்டு பெயர் தப்பாகப் போட்டதால் அனாதையாக நின்றது. போன ஆலையின் இன்ஸ்டால் வேல்யூஸ் ஃபைலைக் காப்பி அடித்திருந்தேன். லினக்ஸில் அந்தப் பெயர் கார்டு உட்கார்ந்திருக்கிற பிசிஐ இடத்தை வைத்து வருகிறது, ஸ்லாட் மாறினால் பெயரும் மாறும். இது என் சோம்பேறித்தனம், யாரையும் சொல்ல முடியாது.

இரண்டாவது இன்ஸ்டால் சரியாக ஒரு மணி நேரத்தில் 'ஃபெயில்ட்' என்றது. ஒரு மணி என்று நேர வரம்பு வைத்தவனும் நான்தான். ஆலையின் லைன் 20 எம்பிபிஎஸ். இழுக்க வேண்டியது ஏறத்தாழ 10 ஜிபி. பென்சிலால் வகுத்துப் பார்த்திருந்தாலே 67 நிமிடம் என்று வந்திருக்கும், அதுவும் லைன் முழுசாகக் கிடைத்தால். வரம்பை மூன்று மணி நேரமாக்கியதும் இன்ஸ்டால் முடிந்தது. இனி வரும் ஆலைகளுக்குப் பெட்டியை அனுப்புவதற்கு முன்பே ஆபீஸில் வைத்து இமேஜ்களை (மென்பொருள் பொட்டலங்களை) உள்ளே போட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

உண்மையான கூத்து பூட்ஸ்ட்ராப்பில். கன்டெய்னர் இமேஜ்களைத் தலைமைக் கிளவுடின் ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்கிலிருந்து இழுக்கும் இடத்தில் எக்ஸ்509 (பாதுகாப்புச் சான்றிதழ்) பிழை: சான்றிதழ் காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் செல்லுபடியாகவில்லை. நான் 'காலாவதி' என்ற பாதியை மட்டும் படித்துவிட்டு, சைபர்ஜெயாவில் இருக்கிற சான்றிதழ்களை ஒரு முழு மத்தியானம் தோண்டினேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. அந்த வரியின் கடைசியில் சர்வர் தன் தேதியையும் சொல்லியிருந்தது. 2020 ஜனவரி 1. இன்னும் பிறக்காத சான்றிதழை அது எப்படி நம்பும்? ஆன்சிபிள் லாக் படிக்கிறவர்கள் கடைசி 'ஃபேட்டல்' வரியைத் தேடுவார்கள், சரி. தேடிய பிறகு அந்த வரியை முழுசாகப் படியுங்கள்.

ரிமோட் கன்சோலில் பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) போய்த் தேதியைத் திருத்தி, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். அப்போதும் ஒரு முட்டாள்தனம்: சப்கிளவுடையே அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தேன். இன்ஸ்டால், பூட்ஸ்ட்ராப், கன்ஃபிக் மூன்றையும் தனித்தனியாக ஓட்டுகிற வசதி, சப்கிளவுட்களை நிர்வகிக்கும் டிசிமேனேஜரில் இருக்கிறது. பூட்ஸ்ட்ராப் மட்டும் விழுந்தால் அதை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். எனக்கு அது ஒரு ராத்திரியைத் தின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த ராத்திரியும் உருப்படவில்லை. இரண்டு மணிக்கு மெஷின் காணாமல் போனது. காலையில் எழுப்பிப் பார்த்தால் மறுபடி 2020 ஜனவரி 1.

எஃப்10 அழுத்த மறந்துவிட்டேன் என்று என்னையே சந்தேகப்பட்டேன். மறுநாள் மறுபடி சரியான தேதியை வைத்துவிட்டு, சேமித்ததற்குச் சாட்சியாகத் திரையைப் படமும் எடுத்துக்கொண்டேன். பகல் முழுக்க நேரம் ஒழுங்காக ஓடியது. ராத்திரி ஒன்றரைக்குப் பூட்ஸ்ட்ராப் பாதியில் இருந்தபோது மெஷின் செத்தது. எழுந்தால் அதே புத்தாண்டு. பிஎம்சியின் நிகழ்வுப் பதிவைத் திறந்தால் மின்சாரம் போனதாக வரிசையாகப் பதிந்திருந்தது, அநேகமாக ராத்திரிக்கு ஒன்று.

மூன்றாவது தடவை கிளம்பினேன். கிராணி சாப்பைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டார். ஆலையின் மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேன், அறுபதை நெருங்கும் மனிதர், நான் கேட்டதும் சிரித்தார்.

"தம்பி, இங்க கரண்டு எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க?"

நான் தோட்டத்துப் பிள்ளைதான், ஆனாலும் யோசித்ததே இல்லை. பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டை ஓடுகளையும் பாய்லரில் எரித்து, அந்த நீராவியில் டர்பைன் சுற்றி ஆலை தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்கிறது. குலை தீர்ந்தால் ஆலை நிற்கும், நீராவி இறங்கும், டீசல் ஜென்செட்டுக்கு மாற்றுவார்கள். "மாத்தறப்ப ரெண்டு மூணு செகண்டு இருட்டு. அதான் யூபிஎஸ் வெச்சிருக்கோமே."

யூபிஎஸ் இருந்தது. நன்றாகவும் இருந்தது. அதன் முதுகில் இரண்டு வரிசை ஓட்டைகள். ஒரு வரிசைக்கு மேல் 'பேட்டரி' என்றும் இன்னொன்றுக்கு மேல் 'சர்ஜ் மட்டும்' என்றும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். இரண்டாவது வரிசை மின்னழுத்தம் எகிறினால் மட்டும் தடுக்கும், கரண்டு போனால் தாங்காது. என் பிளக் அந்த வரிசையில். செருகியவன் நான். அந்த எழுத்தின் மேல் அழகாக ஒரு கேபிள் டையையும் போட்டு இறுக்கியிருந்தேன். அன்றைக்குச் செய்த இரண்டாவது தப்பு இதுதான். சார்ஜ்மேன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, டார்ச்சை மட்டும் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

பிளக்கை மாற்றியாயிற்று. ஆனால் இரண்டு செகண்ட் இருட்டுக்குத் தேதி ஏன் போக வேண்டும்? மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிஆர்2032 பேட்டரி இருக்கும், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை அதுதான் ஓட்டும். இந்தச் சர்வர் ஸ்டோரில் சில வருஷம் தூங்கிய பெட்டி. அண்ணன் மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தார். 3 வோல்ட் காட்ட வேண்டியது 1.9 காட்டியது.

மாற்றுப் பேட்டரிக்குச் சப்ளையரிடம் கேட்டேன். விண்ணப்பம் போட வேண்டும், ஐந்து வேலை நாள் ஆகும் என்றார்கள். பத்தாங் பெர்ஜுந்தை கடைவரிசையில் சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) மணிக்கடையில், அதாவது கடிகாரக் கடையில், மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. மறுநாள், அதாவது நான்காவது தடவை, அதைக் கொண்டுபோனேன். பிளஸ் பக்கம் மேலே இருக்க வேண்டும், கிளிப்பை நகத்தால் மெதுவாகத் தள்ள வேண்டும், அவசரப்பட்டால் கிளிப் உடையும். ஐந்து நிமிட வேலை.

நான் கையெழுத்துப் போட ஆபீஸ் பக்கம் போன நேரத்தில் அண்ணன் அக்கறையாகப் பயாஸில் மணியையும் சுவர்க் கடிகாரம் பார்த்துச் சரியாக வைத்துவிட்டார். அங்கேதான் கடைசிக் கண்ணி. லினக்ஸ் அந்தக் கடிகாரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்றே எடுத்துக்கொள்ளும். மலேசிய நேரம் வைத்தால் மெஷின் எட்டு மணி நேரம் முன்னால் ஓடும். பூட்ஸ்ட்ராப் அழகாக முடியும், கன்டெய்னர்களை ஓட்டும் குபர்நேட்டஸ் தன் சான்றிதழ்களை நாளைய தேதியில் எழுதிக்கொள்ளும், என்டிபி வந்து மணியைத் திருத்தியதும் எல்லாம் கவிழும். வீட்டுக்கு வந்து கன்சோலைத் திறந்து ஆரம்பிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு இதைக் கவனித்தேன். இந்தப் பன்னிரண்டு நாளில் நான் புத்திசாலித்தனமாகச் செய்த ஒரே காரியம் அது.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, "மணியவா மாத்தற?" என்றார். 1982 ஜனவரி 1-ல் தீபகற்ப மலேசியா முழுக்க அரை மணி முன்னால் தள்ளினார்களாம். அதற்கப்புறம் காலைப் பெரட்டுக்கு வெளிச்சமே இல்லாமல் டார்ச் பிடித்துப் பெயர் கூப்பிட்டாராம். "எட்டு மணி நேரம் தள்ளினா ஆளுங்க என்னடா பண்ணுவாங்க?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை, பூட்ஸ்ட்ராப் ஓட ஆரம்பித்திருந்தது.

ராத்திரி ஒன்பதரைக்கு ஆலை நின்றது. பிஎம்சியில் ஒரு பதிவுகூட விழவில்லை. 11.40-க்குக் 'கம்ப்ளீட்'. சப்கிளவுடை 'மேனேஜ்ட்' ஆக்கிவிட்டுத்தான் படுத்தேன்.

இன்னும் ஒன்பது ஆலை பாக்கி. இன்று காலை மறுபடி மணிக்கடைக்குப் போய் ஒன்பது சிஆர்2032 கேட்டேன். தவுக்கே எண்ணி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரூமா அடா பெராப்பா ஜாம்?" என்றார். வீட்டில் எத்தனை கடிகாரம்தான் வைத்திருக்கிறாய் என்று.