ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய 14 கிலோவாட்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு மெஷின் ஷாப்பில் நான் பார்ட்னர். கம்ப்யூட்டர் கட்டளையில் உலோகம் கடையும் சி.என்.சி. மெஷின்கள், காற்றை அழுத்தித் தரும் இரண்டு ஸ்க்ரூ கம்ப்ரஸர்கள், ஒரு சின்ன ஹீட் ட்ரீட்மென்ட் பகுதி, உதிரிபாகங்களைச் சுடுநீரில் கழுவும் வாஷிங் மெஷின். இரண்டு ஷிப்ட். ஹெச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு, 250 கே.வி.ஏ. சாங்ஷன் டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் நாங்கள் இழுக்க இ.பி. அனுமதித்த மின்சுமை; கே.வி.ஏ. அதன் அலகு. எங்கள் கரண்ட் பில்லைக் குறைக்க மீட்டர் பதிவுகளை எப்படிப் பயன்படுத்தினோம் என்று இதே அளவில் தொழில் நடத்தும் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

2022 செப்டம்பர் 10 அன்று புதிய கட்டணம் வந்தபோதுதான் இந்த வேலையில் இறங்கினோம். அதுவரை ஹெச்.டி. தொழிற்சாலைகளுக்கு ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயாக இருந்த டிமாண்ட் சார்ஜ் 550 ஆனது. யூனிட் விலை 6.35-இலிருந்து 6.75. மின்தேவை அதிகமுள்ள பீக் அவருக்கான கூடுதல் கட்டணம் 20 சதவீதத்திலிருந்து 25 ஆனது. பீக் நேரமும் நீண்டு, காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 என்று எட்டு மணி நேரமாகிவிட்டது. இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதத் தள்ளுபடி. அதற்குப் பிறகும் கட்டணங்கள் ஏறியிருக்கின்றன. நான் கீழே போடும் கணக்கெல்லாம் 2022 விகிதத்தில்தான். உங்கள் பில்லில் இருக்கும் விகிதத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூனிட் விலை ஏறியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எங்களை அதிகம் அடித்தது டிமாண்ட் சார்ஜ். மாதத்தில் பதிவான உச்ச டிமாண்ட் (எம்.டி.), அல்லது சாங்ஷன் டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். சாங்ஷனைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு இரு மடங்கு. ஒரு மாதம் எங்கள் எம்.டி. 262 காட்டியது. 250 கே.வி.ஏ.வுக்கு 1,37,500 ரூபாய், மீதி 12-க்கு 13,200. ஒரு யூனிட்டுக்கான காசுகூட இன்னும் இதில் சேரவில்லை.

262 எந்த நாளில், எந்த நேரத்தில் வந்தது? பில்லில் அது இருக்காது. மீட்டருக்குள் இருக்கிறது. ஹெச்.டி. மீட்டர் சிறு சிறு நேரத் துண்டுகளாகச் சராசரியைப் பதிந்துகொண்டே போகும். இதை லோட் சர்வே என்பார்கள். நாங்கள் இ.பி. அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கினோம். கேட்கிறவர்கள் சீக்கிரம் கேளுங்கள். மீட்டரில் பழைய பதிவு ரொம்ப நாள் நிற்காது, புதியது வந்து அதை அழித்துக்கொண்டே போகும்.

வந்த ஃபைலைப் பார்த்தால் தலை சுற்றும். ஆயிரக்கணக்கான வரிகள். அதை எக்ஸலில் ஒரே ஒரு விதமாக மாற்றிப் போட்டேன்: மேலிருந்து கீழாக ஒரு நாளின் 48 அரைமணிகள், இடமிருந்து வலமாகத் தேதிகள். அதிக கே.வி.ஏ. வந்த கட்டங்களுக்குச் சிவப்பு, குறைந்தவற்றுக்குப் பச்சை. இவ்வளவுதான் வேலை. மாதச் சந்தா கட்டச் சொல்லி டாஷ்போர்டு விற்க வந்தவர் காட்டிய எந்த வண்ணப்படமும் எனக்கு இதைவிட அதிகம் சொல்லவில்லை.

இரண்டு விஷயங்கள் உடனே தெரிந்தன. ஒன்று, வேலைநாட்களில் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை ஒரு சிவப்புப் பட்டை. இரண்டு, ஷாப் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பச்சை இருந்தாலும், அந்தப் பச்சைக்குள் இருந்த எண் 14 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை.

முதலில் காலைப் பட்டை. "மோட்டாரெல்லாம் ஒரே நேரத்துல ஸ்டார்ட் ஆகுதுங்க, அதான் எம்.டி. ஏறுது" என்று எங்கள் எலக்ட்ரீஷியன் உட்படப் பலர் சொன்னார்கள். அப்படி இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டிங் கரண்ட் சில விநாடிகளில் அடங்கிவிடும்; எம்.டி. என்பதோ 15 அல்லது 30 நிமிடத்தின் சராசரி. அதில் இந்தச் சில விநாடிகள் கரைந்துபோகும். நீண்ட நேரம் முழு லோடு இழுக்கும் பொருளைத்தான் தேட வேண்டும், அது பெரும்பாலும் ஹீட்டராக இருக்கும். எங்கள் ஹீட் ட்ரீட்மென்ட்டின் 60 கிலோவாட் ஃபர்னஸ் (உலை) குளிர்ந்த நிலையிலிருந்து சூடேற ஒன்றரை மணி நேரம் முழுதாக இழுத்தது. அதே நேரத்தில் வாஷிங் மெஷினின் 24 கிலோவாட் தண்ணீர்த் தொட்டி. காலியான ஏர் லைனை நிரப்ப இரண்டு கம்ப்ரஸர்களும் சேர்ந்து ஓட்டம். மேலே சி.என்.சி.க்கள்.

ஃபர்னஸை விடியற்காலையிலேயே டைமரில் போட்டுவிடலாம், இரவுத் தள்ளுபடியும் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். சூடேற்ற 90 யூனிட். காலை பீக்கில் யூனிட் 8.44 ரூபாய் வீதம் 759 ரூபாய். இரவு விலையில் 577. ஆனால் ஐந்து மணிக்குச் சூடான ஃபர்னஸை ஆள் வரும் எட்டு மணி வரை சூடு இறங்காமல் வைத்திருக்க மணிக்கு 12 யூனிட் போகிறது, அதில் இரண்டு மணி நேரம் பீக். அது மட்டும் 284 ரூபாய். மொத்தம் 861. தள்ளுபடியைத் தேடிப் போய் நூறு ரூபாய் கூடக் கட்டியிருப்போம். காலை 10 மணிக்கு ஆன் செய்தால் 607 ரூபாய், சும்மா காயவும் வேண்டாம்.

ஃபர்னஸ் பார்க்கும் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "பத்து மணிக்கு ஆன் பண்ணி, பதினொன்றரைக்குச் சூடாகி, அப்புறம் ரெண்டு லோடு எப்படிங்க எடுக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. அவருடைய ஷிப்டைப் பத்திலிருந்து ஆறரைக்கு மாற்றினோம். இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் மறுநாளுக்கான லோடை இரவே கூடையில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள், சூடானதும் நேராக உள்ளே போகிறது. கடைசி லோடு ஆறு மணியைத் தாண்டினாலும் அப்போது ஃபர்னஸ் இழுப்பது குறைவு. யூனிட் கணக்கில் ஒரு நாளைக்கு மிச்சம் 150 ரூபாய்தான். பெரிய மிச்சம் டிமாண்டில் வந்தது.

பவர் ஃபேக்டரையும், அதாவது இழுக்கும் கே.வி.ஏ.வில் உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கையும், இங்கேயே சொல்லிவிடுகிறேன். 0.90-க்கு மேல் இருந்தால் அபராதம் இல்லை என்பதால் பலரும் 0.92-இல் நிம்மதியாக இருக்கிறார்கள். டிமாண்ட் கே.வி.ஏ.வில் அல்லவா அளக்கப்படுகிறது? 180 கிலோவாட் லோடு 0.92-இல் 196 கே.வி.ஏ.; 0.99-இல் 182. அந்த 14 கே.வி.ஏ.வுக்கு மாதம் 7,700 ரூபாய். பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏ.பி.எஃப்.சி. பேனலைத் திறந்து பார்த்தபோது கெப்பாசிட்டர்களில் பாதி செத்துக் கிடந்தன. மாற்றினோம். ஒன்று கவனியுங்கள்: உங்கள் எம்.டி. ஏற்கெனவே அந்த 90 சதவீதக் கோட்டுக்குக் கீழே இருந்தால் இதனால் டிமாண்ட் சார்ஜில் ஒரு பைசா குறையாது, சாங்ஷனையும் குறைத்தால்தான் உண்டு.

அடுத்தது ஞாயிறு. சனி இரண்டாம் ஷிப்ட் முடியும் நள்ளிரவு ஒரு மணியிலிருந்து திங்கள் காலை எட்டு வரை 31 மணி நேரம், 14 கிலோவாட் வீதம் 434 யூனிட். வாரத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கம், ஒரு பீஸ்கூடச் செய்யாமல். இது எங்கே போகிறது என்று மெயின் மீட்டர் சொல்லாது. இதற்குத்தான் சப் மீட்டர் வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்று போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நாங்கள் கம்ப்ரஸர், ஹீட் ட்ரீட்மென்ட், சி.என்.சி. வரிசைகள் இரண்டு, வாஷிங், ஆபீசும் லைட்டும் என்று ஆறே இடங்களில் போட்டோம். ஆர்.எஸ்.485 டேட்டா கேபிளில் ஒன்றோடு ஒன்று கோத்து ஒரு பழைய கம்ப்யூட்டரில் பதிவு.

மீட்டர் மாட்டியதும் வரும் எண்களை நம்பிவிடக் கூடாது. ஆறையும் கூட்டி மெயின் மீட்டரோடு ஒப்பிட்டோம். கேபிள், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு என்று மூன்று நான்கு சதவீதம் வித்தியாசம் இருக்கலாம். எங்களுக்கு வந்தது அதைவிட மிக அதிகம். கம்ப்ரஸர் மீட்டர் உண்மையில் ஓடுவதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டியது. மாட்ட வந்த ஆள் ஒரு ஃபேஸில் சி.டி.யை (கரண்டை அளக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) தலைகீழாக மாட்டியிருந்தார். அந்த ஃபேஸ் மைனஸில் போய் இன்னொரு ஃபேஸைத் தின்றுவிட்டது. திருப்பி மாட்டியதும் சரியானது. இதை நீங்களே செய்யப் போகாதீர்கள், லைன் ஓடும்போது சி.டி.யின் செகண்டரியைத் திறந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கம்ப்யூட்டர் கடிகாரத்தையும் மெயின் மீட்டர் கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். பத்து நிமிடம் தள்ளியிருந்தால் பீக் கணக்கே குழம்பும்.

14 கிலோவாட்டில் பாதிக்கு மேல் கம்ப்ரஸர். ஞாயிற்றுக்கிழமை எதற்கு ஓடியது? யாரும் அணைக்கவில்லை, அவ்வளவுதான். குழாயில் இருந்த லீக்குகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு விடுமுறை முழுக்க லோடாகி (காற்றை அழுத்தி), அன்லோடாகி (அழுத்தாமல் சுற்றி) ஓடியிருக்கிறது. அன்லோடில் சும்மா சுற்றும்போதும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் முழு லோடில் கால் பங்குக்கு மேல் இழுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மீதி ஸ்டெபிலைசர்கள், சி.என்.சி. கன்ட்ரோல் பேனல்கள், மாடியில் ஓடிய ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், வாட்டர் கூலர்.

லீக் எவ்வளவு என்று அளக்கச் செலவே இல்லை. விடுமுறை நாளில் காற்று எடுக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். லோடில் இருக்கும் நேரத்தை, லோடும் அன்லோடும் சேர்ந்த நேரத்தால் வகுத்தால் அதன் திறனில் லீக்காகப் போகும் பங்கு கிடைக்கும். எங்களுக்கு இரண்டு நிமிடம் லோடு, நான்கு நிமிடம் அன்லோடு. மூன்றில் ஒரு பங்கு. சோப்புத் தண்ணீரும் கையுமாக ஒரு ஞாயிறு முழுக்கச் சுற்றினோம். பெரிய குழாய்களில் ஒன்றும் இல்லை. பி.யு. (பிளாஸ்டிக்) டியூப் கனெக்டர்கள், ஃபில்டர் ரெகுலேட்டர் கிண்ணங்கள், தேய்ந்துபோன ஏர் கன்கள், இவைதான். மாற்றிய பிறகு இரண்டு நிமிடம் லோடு, பதினாறு நிமிடம் அன்லோடு. அப்புறம் பிரஷரை ஏழரை பாரிலிருந்து ஆறரைக்கு இறக்கினோம். ஒரு பார் குறைந்தால் கம்ப்ரஸர் கரண்டில் ஆறேழு சதவீதம் குறையும். ஒரு மெஷினில் உதிரிபாகத்தைப் பிடிக்கும் சக் மட்டும் மக்கர் செய்தது, அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஏர் டேங்க் வைத்தோம். இப்போது பெரும்பாலான நேரம் ஒரே கம்ப்ரஸர் போதுகிறது. லீக் மட்டும் திரும்பத் திரும்ப வரும். அதனால் ஞாயிறு கிலோவாட்டைத் திங்கள் காலை பார்ப்பது இப்போது எங்கள் ஸ்டோர்ஸ் பையனின் வேலை. நாலுக்கு மேல் போனால் எனக்கு வாட்ஸ்அப் வரும்.

மிச்சமானது உண்மையிலேயே மிச்சம்தானா, ஆர்டர் குறைந்ததால் பில் குறைந்ததா? ஆடிட்டர் கேட்ட கேள்வி இது. அதற்காக வாரா வாரம் ஓடிய டன்னையும் யூனிட்டையும் ஒரு கிராஃபில் புள்ளிகளாக வைத்து, நடுவே கோடு போட்டேன். ஆரம்பத்தில் அந்தக் கோடு சொன்னது: டன்னுக்கு 410 யூனிட், அதோடு உற்பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு 2,600 யூனிட். இப்போது டன்னுக்கான எண் பெரிதாக மாறவில்லை. 2,600 மட்டும் 1,900 ஆகியிருக்கிறது. யூனிட்டில் நாங்கள் மிச்சப்படுத்தியது முழுக்க இந்த வாராந்திர 700-தான், மாதத்துக்கு இருபதாயிரம் ரூபாய் அளவில்.

டிமாண்ட் 205-க்கு வந்து பல மாதங்கள் அங்கேயே நின்ற பிறகுதான் சாங்ஷனை 220-ஆகக் குறைக்க விண்ணப்பித்தோம். அவசரப்படாதது நல்லது. கோடையில் ஏ.சி.யும் பேனல் கூலரும் சேரும் மாதத்தையும் பார்த்துவிட வேண்டும். பிறகு திரும்ப ஏற்றுவதென்றால் அதற்குத் தனியாகக் கட்டணங்கள் உண்டு. முன்பு எம்.டி. 250-ஐ ஒட்டி இருந்த மாதங்களில் 1,37,500 கட்டினோம். இப்போது 205-க்கு, அதே விகிதத்தில், 1,12,750.

மாலை பீக்கை மட்டும் தொடவில்லை. இரண்டாம் ஷிப்டில் ஆறிலிருந்து பத்து வரை சுமார் 440 யூனிட் ஓடுகிறது, யூனிட்டுக்கு 1.69 ரூபாய் கூடுதல், மாதம் 19,000-க்குச் சற்று மேல். ஷிப்டை இரவு பத்துக்குத் தள்ளினால் அது மிச்சமாகும், தள்ளுபடியும் வரும் என்று பார்ட்னர் சொன்னார். நைட் அலவன்ஸ், ஆட்களைக் கொண்டுவந்து விட வேன், நள்ளிரவுக்குப் பிறகு ஏறும் ரிஜெக்‌ஷன் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் காட்டினேன். மிச்சத்தைவிடச் செலவு அதிகம். கூரையில் சோலார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வருகிறவர்களிடமும் இப்போது அந்த 48 கட்ட எக்ஸலை எடுத்து வைத்து, மாலை ஆறுக்குப் பிறகு உங்கள் பேனல் இதில் எந்தக் கட்டத்தைக் குறைக்கும் என்று கேட்கிறேன்.