200 லிட்டர் டிரம்மில் ஸ்மோக்கர்: எல்லாம் காற்றுக் கணக்குதான்

டிரம் ஸ்மோக்கர், அதாவது கரிச்சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் டிரம் அடுப்பு, செய்ய இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்தத் தெர்மாமீட்டர் வாங்கலாம், எந்தப் பெயின்ட் அடிக்கலாம் என்பதைத்தான். அதற்கெல்லாம் முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த டிரம்முக்குள் காற்று எந்த வழியாக நுழையும், எந்த வழியாக நுழையவே கூடாது? கரி எவ்வளவு கொட்டினாலும் கிடைக்கிற காற்றின் அளவுக்குத்தான் எரியும். காற்று கட்டுக்குள் இருந்தால் 4 கிலோ கரியை ஒரே தடவையில் போட்டு, 120 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைக்கலாம். கட்டுக்குள் இல்லையென்றால் அதே கரி கொழுந்துவிட்டு எரிந்து, இறைச்சி வேகும் முன்னே சாம்பலாகிவிடும். கீழே சொல்லும் ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு அளவும் இந்தக் கணக்குக்காகத்தான்.

முதலில் டிரம். 200 லிட்டர் இரும்பு டிரம், மேல்மூடி முழுதாகக் கழன்று வரும் வகை. மூடியைச் சுற்றிக் கிளாம்ப் வளையம் போட்டிருக்கும். இந்த வகை கிடைத்தால் மூடிக்காகத் தகட்டை வெட்ட வேண்டிய வேலையே இல்லை. உட்புறம் விட்டம் சுமார் 57 செ.மீ., உயரம் சுமார் 85 செ.மீ. இருக்கும். உள்ளே உணவுப் பொருள் இருந்த டிரம், அதிலும் உட்பூச்சு இல்லாத வெறும் இரும்பு டிரம் கிடைத்தால் அதுதான் முதல் தரம். பூச்சிமருந்து, சாயம், கரைப்பான், அமிலம் இருந்ததை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். எரித்தாலும் கழுவினாலும் அது சமையலுக்கு ஆகாது. பெட்ரோல் போன்ற எரிபொருள் இருந்த டிரம்மில் கிரைண்டர் வைத்தால், உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. டிரம்மும் வேண்டாம். சூடேறினால் துத்தநாகப் புகை வரும், அது நச்சு.

பெரும்பாலான டிரம்களின் உள்ளே செம்பழுப்பு அல்லது பொன்னிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். எபாக்சி அல்லது பீனாலிக் வகை. உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தால் தாள்தான் தேயும், பூச்சு அசையாது. அதை நெருப்பால்தான் எடுக்க வேண்டும். துளைகளை முன்பே போட்டுவிடுங்கள், அடியில் காற்று புகுந்தால்தான் தீ சீறி எரியும். மூடியின் உள்விளிம்பில் இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையத்தையும் (காஸ்கெட்) பிடுங்கி எறிந்துவிடுங்கள். காய்ந்த விறகை டிரம் முக்கால் உயரத்துக்கு அடுக்கி, திறந்த வெளியில், காற்று வரும் திசையில் நின்றுகொண்டு கொளுத்துங்கள். பூச்சு முதலில் கறுக்கும், பிறகு கொப்புளிக்கும், கடைசியில் சாம்பல் நிறப் பொடியாக உதிரும். கறுத்த நிலையிலேயே போதும் என்று விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆறிய பிறகு ஒரு ஆணியால் கீறிப் பாருங்கள். கீறல் வெள்ளி மாதிரி மின்னினால் வெறும் இரும்பு வந்துவிட்டது. பிசுக்காகக் கறுப்பாய் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு தீ போட வேண்டும். மூடியின் உள்பக்கம் பலருக்கு மறந்துபோகும், அதையும் அந்தத் தீயின் மேலேயே வைத்து எரித்துவிடுங்கள். பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முழுதும் தேய்த்துத் துடைத்து எடுங்கள்.

இனி துளைகள். காற்று உள்ளே வர மூன்று வழி, மூன்றும் முக்கால் இஞ்ச் நிப்பிள், அதாவது மரை போட்ட குட்டைக் குழாய். டிரம்மின் வெளிச்சுற்றளவு ஏறத்தாழ 180 செ.மீ. என்பதால் 60 செ.மீ.க்கு ஒன்று வரும். ஒரு நூலைச் சுற்றிக் கட்டி, எடுத்து மூன்றாக மடித்து மையால் குறித்துக்கொண்டு, மறுபடி சுற்றினால் டேப் இல்லாமலே இடம் கிடைத்துவிடும். அடித்தட்டிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் துளையின் நடுப்புள்ளி. பக்கவாட்டுத் தையல் மேல் துளை விழாதபடி நூலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

வளைந்த தகட்டில் டிரில் பிட் வழுக்கும். சென்டர் பஞ்ச்சால் ஒரு குழி தட்டி, 4 மி.மீ. பிட்டால் முதலில் ஓட்டை போட்டு, அப்புறம் படிப்படியாக விட்டம் கூடும் ஸ்டெப் டிரில் பிட்டை மெதுவான வேகத்தில் இறக்குங்கள். நிப்பிளின் வெளிவிட்டம் 26.7 மி.மீ. என்பதால் 27 மி.மீ.யில் நிறுத்த வேண்டும். ஸ்டெப் பிட் கடைசிப் படியில் ஒரு சுற்று கூடப் போனாலும் துளை 30 ஆகிவிடும், நிப்பிள் ஆடும், அந்த இடுக்கில் காற்று திருட்டுத்தனமாகப் புகும். அரத்தால் பிசிறை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு லாக்நட், வெளியே ஒரு லாக்நட் போட்டு இறுக்குங்கள். ஜி.ஐ. நிப்பிளைத் தவிர்த்து முலாம் இல்லாத இரும்பு நிப்பிளே வாங்குங்கள். மூன்றில் ஒன்றில் கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் பித்தளை பந்து வால்வு (ball valve), மற்ற இரண்டில் திருகிக் கழற்றும் எண்ட் கேப். மூன்றுக்கும் வால்வு போடத் தேவையில்லை, சமைக்கும்போது பெரும்பாலும் ஒன்றுதான் வேலை செய்யும்.

புகை வெளியேற மூடியில் 12.7 மி.மீ. துளை எட்டு. ஏன் எட்டு? முக்கால் இஞ்ச் நிப்பிளின் உள்விட்டம் சுமார் 21 மி.மீ., மூன்றின் வாய்ப்பரப்பும் சேர்ந்து ஏறக்குறைய 1,030 சதுர மி.மீ. எட்டுத் துளைகளின் பரப்பு சுமார் 1,010. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிறது. இதற்குப் பதிலாக 2 இஞ்ச் குழாய் ஒன்றை மூடியில் நிறுத்தினாலும் தவறில்லை, மழைத்துளி உள்ளே விழாமல் ஒரு தொப்பி போட்டுக்கொள்ளலாம். எதை வைத்தாலும் மேல்வழியை மூடிச் சூட்டைக் குறைக்கப் பார்க்காதீர்கள். புகை தேங்கினால் தார்ப்பிசுக்காக இறைச்சியின் மேல் படியும், கசக்கும். கட்டுப்படுத்துவது எப்போதும் கீழே, மேல்வழி எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்க வேண்டும்.

கரிக்கூடைக்கு எக்ஸ்பாண்டட் மெட்டல் வலை, 20 செ.மீ. அகலம், 115 செ.மீ. நீளம். வட்டமாகச் சுருட்டி 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டு போல்ட் வாஷர் போட்டு இறுக்கினால் 35 செ.மீ. விட்டத்தில் கூடை வரும். அடியில் ஒரு வட்டக் கம்பித்தட்டு. அதன் கீழே நீள போல்ட்டுகளைக் கால்களாக வைத்து, கரி டிரம்மின் அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். அந்த 8 செ.மீ. சாம்பலுக்கான இடம். சாம்பல் தட்டு ஒன்றும் கூடையோடு பொருத்திவிட்டால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி எடுக்கலாம், ஆனால் தட்டின் விளிம்பு 3 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. உயர்ந்தால் நிப்பிள் வாய்க்கு நேரே சுவர் மாதிரி நின்று காற்றை மறைக்கும். "வால்வு முழுக்கத் திறந்தும் சூடு ஏறவில்லை" என்று சொல்லப்படும் டிரம்களில் இந்தத் தட்டை முதலில் பார்க்க வேண்டும். கூடைக்குக் குறுக்கே ஒரு கம்பிக் கைப்பிடி அவசியம்.

கிரில் தட்டு மேல்விளிம்பிலிருந்து 18 செ.மீ. கீழே. அப்படி வைத்தால் கரியின் அடிமட்டத்துக்கும் தட்டுக்கும் இடையே 60 செ.மீ. அளவில் கிடைக்கும். டிரம் ஸ்மோக்கரில் பலரும் பின்பற்றும் இடைவெளி இதுதான். தட்டைத் தாங்க 45 செ.மீ.க்கு ஒன்றாக நான்கு ஸ்டெயின்லெஸ் போல்ட், 6 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளம். நீளத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்: தட்டின் விட்டம் 54.5 செ.மீ. என்றால், அது ஒரு பக்கமாக ஒதுங்கும்போது எதிர்ப்பக்கம் 2.5 செ.மீ. இடைவெளி விழும். 25 மி.மீ. போல்ட் போட்டிருந்தால் தட்டு நழுவி, இறைச்சியோடு கரிமேல் போய் விழும். உயரத்தை மேல்விளிம்பிலிருந்தே அளந்து குறியுங்கள். டிரம் நிற்கும் தரை சாய்ந்திருக்கலாம், விளிம்பு பொய் சொல்லாது.

இடையில் வெப்பத்தடுப்புத் தகடோ தண்ணீர்த் தட்டோ எதுவும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கொழுப்பு சொட்டுச் சொட்டாக நேரே கனலில் விழுந்து ஆவியாகி இறைச்சிக்கே திரும்புவதுதான் டிரம்மின் தனிச்சுவை. அதைத் தடுத்துவிட்டால் டிரம் செய்ததற்கே அர்த்தமில்லை. இத்தனை உயர இடைவெளி இருப்பதும் காற்று குறைவாக இருப்பதும்தான் அந்தக் கொழுப்பு தீப்பிடிக்காமல் காக்கின்றன.

தெர்மாமீட்டர் தண்டு குறைந்தது 10 செ.மீ. உள்ளே நீள வேண்டும், தட்டுக்குச் சற்றுக் கீழே. தகட்டை ஒட்டிய இடத்துக்கும் தட்டின் நடுவுக்கும் 15 முதல் 30 டிகிரி வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். தட்டின் நடுவில் ஒரு புரோப் (தனித் தெர்மாமீட்டரின் உணர்முனை) வைத்து இரண்டையும் ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தை டிரம்மிலேயே எழுதிவையுங்கள்.

எல்லாம் பொருத்தியதும் இரவில் ஒரு சோதனை. பிரகாசமான டார்ச்சை உள்ளே வைத்து, மூடி போட்டு, கேப்களை இறுக்கி, வால்வை அடைத்து, விளக்குகளை அணைத்துவிட்டுச் சுற்றி வாருங்கள். மூடியின் எட்டுத் துளைகளைத் தவிர வேறெங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே காற்றும் போகும். பெரும்பாலும் மூடி விளிம்பில்தான் தெரியும். விளிம்பில் நசுங்கல் இருந்தால் மரக்கட்டையை அண்டைக் கொடுத்துத் தட்டி நேராக்குங்கள். மயிரிழை இடுக்குகள் நாலைந்து சமையலில் பிசுக்கும் புகைக்கரியும் படிந்து தானாக அடைந்துவிடும். அதைவிடப் பெரிய இடைவெளிக்கு வெப்பம் தாங்கும் காஸ்கெட் நாடா ஒட்டலாம். கிளாம்ப் வளையத்தைச் சமைக்கும்போது மாட்டவே கூடாது. மூடி எந்த நிமிடமும் கையில் எழும்பி வர வேண்டும்.

வெளிப்புறத்துக்கு 600 டிகிரி தாங்கும் பெயின்ட், உட்புறத்துக்குச் சமையல் எண்ணெய் மெல்லிய பூச்சு மட்டும். முதல் தீ இறைச்சியில்லாமல்: 150 டிகிரியில் 3 மணி நேரம். உள்ளே எண்ணெய் கறுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், துரு ஏறாது.

சமைக்கும் நாளில் கூடை நிறையக் கரி கொட்டி, நடுவில் கைப்பிடி அளவு குழி விடுங்கள். முஷ்டி அளவு காய்ந்த கட்டைகள் மூன்று நான்கை அங்கங்கே கரிக்குள் புதையுங்கள். ஓக், ஆப்பிள் போன்ற கடினமான மரம் அல்லது பழமரம் ஏற்றது. பிசின் உள்ள பைன், பெயின்ட் அடித்தது, பிளைவுட் எதுவும் கூடாது. ஊறவைக்கத் தேவையில்லை, நனைந்த கட்டை நீராவிதான் விடும். தனியாகப் பற்றவைத்த 12 முதல் 15 கங்குகளை, ஓரம் சாம்பல் பூத்ததும், குழியில் போடுங்கள். எல்லா வழியும் திறந்திருக்கட்டும். 90 டிகிரியில் ஒரு கேப்பை மூடுங்கள், 105இல் அடுத்ததை மூடி வால்வைப் பாதியாக்குங்கள். சூடு தன்போக்கில் 120க்கு ஏறி நிற்கும். 120 வந்த பிறகு மூடலாம் என்று காத்திருந்தால் 160 போய்விடும். அதிகமாகப் பற்றிய கரியை இறக்குவது ஏற்றுவதைவிடப் பலமடங்கு கடினம்.

புகையைப் பாருங்கள். வெள்ளையாகத் திரள்திரளாக வந்தால் இறைச்சியை வைக்காதீர்கள். மெல்லிய நீலச்சாயலில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற புகையாக மாற 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். குளிர்ந்த இறைச்சி உள்ளே போனதும் முள் இறங்கும். அரை மணி நேரம் எதையும் தொடாதீர்கள். அதன் பிறகும் வால்வைக் கொஞ்சம் திருப்பினால் 15 நிமிடம் பொறுத்துத்தான் அடுத்த திருப்பம்.

மூடியைத் திறக்கும்போது ஒரு ஓரத்தை லேசாகத் தூக்கி, சில நொடி கழித்து முழுதாக எடுங்கள். காற்றுக்கு ஏங்கிக் கிடந்த தீ குப்பென்று எழும்பும், முகத்தை நேரே நீட்டாதீர்கள். மூடிய பிறகு 20, 30 டிகிரி கூடக் காட்டினால் பயப்பட வேண்டாம், தானே இறங்கும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது காற்று வால்வுக்கு நேரே வீசுகிறது. டிரம்மைத் திருப்பி வால்வைக் காற்றுமறைவுக்குக் கொண்டுபோங்கள். பல மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுச் சூடு திடீரென்று சரிந்தால் பெரும்பாலும் கரி தீரவில்லை, சாம்பல்தான் அடைத்திருக்கும். கேப்பைக் கழற்றி நிப்பிள் வழியே ஒரு கம்பியை விட்டுக் கிளறுங்கள், அல்லது டிரம்மை வெளியிலிருந்து இரண்டு தட்டு தட்டுங்கள்.

முதல் சமையலுக்குப் பன்றித் தோள்பட்டை நல்லது, சூடு கொஞ்சம் முன்னேபின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். உட்சூடு 90க்கு மேல் போனால்தான் பிய்த்தெடுக்கிற பதம் வரும். நடுவில் 70 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிச் சூட்டைக் குடிக்கிறது, அவ்வளவுதான், வால்வைத் திறக்காதீர்கள். கோழிக்கு டிரம்மை 140 அளவில் வைத்து, உட்சூடு 74 வந்ததும் எடுங்கள்.

முடிந்ததும் கேப், வால்வு எல்லாவற்றையும் அடைத்து, மேல்துளைகளையும் காந்தத் தகடோ போல்ட்டோ வைத்து மூடிவிடுங்கள். தீ மூச்சுமுட்டி அணையும், மிஞ்சிய கரியை உதறிவிட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். சாம்பலுக்குள் கனல் ஒரு நாள் முழுக்கவும் உயிரோடு இருக்கும், பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதீர்கள். டிரம் எப்போதும் திறந்த வெளியில், செங்கல் மேல் நிற்கட்டும். கார் ஷெட்டுக்குள்ளோ கூரை மூடிய இடத்திலோ கொண்டுபோனால் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் ஆளைக் கொல்லும், அணைந்துவிட்டதுபோல் தெரியும் டிரம்மும் அப்படித்தான். நன்றாக ஆறிய மறுநாள் சாம்பலை முழுக்க எடுத்துவிடுங்கள், ஈரம் பட்ட சாம்பல் அடித்தகட்டை அரித்துவிடும்.