கார் எங்க சார்?

"தை பொறக்கட்டும், அப்புறம் வீட்டை விலைக்குச் சொல்லலாம்" என்று மனைவி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். எனக்கு ஜனவரியில் கோயம்புத்தூர் மாற்றல். அவசரம். 2024 கார்த்திகை மழையிலேயே மடிப்பாக்கம் வீட்டை விற்கக் கிளம்பிவிட்டேன். புரோக்கர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "2015 பத்தி யாராவது கேட்டா நீங்க வாயத் தெறக்காதீங்க."

இந்தப் பக்கம் வீடு பார்க்க வருபவர்கள் எத்தனை பெட்ரூம் என்றா கேட்கிறார்கள்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் ஹாலில் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்தது. எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும், மழைக்காலத்தில் மட்டும் அந்தக் கோடு ஓதத்தோடு மெல்ல எட்டிப்பார்க்கும். அதன்மேல் நகைக்கடை காலண்டரை மாட்டினேன். முதல் பார்ட்டியோடு வந்த பாட்டி அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, காலண்டரைத் தவழற கொழந்தைக்கா மாட்டியிருக்காங்க?" என்று கேட்டபடியே தூக்கிப் பார்த்தார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அடுத்த பார்ட்டி வந்தது ஃபெஞ்சல் புயலுக்கு முந்தின நாள். பொறுமையான மனிதர். மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கம் எல்லாம் பார்த்துத் திருப்தி. "இங்க ஒரு சொட்டு நிக்காது சார்" என்று புரோக்கர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை வெறும் போர்ட்டிகோவில், புது ஆயில் கறையில் போய் நின்றது.

"கார் எங்க சார்?"

"சர்வீசுக்கு விட்டிருக்கேன்."

கார் காலையிலிருந்தே வேளச்சேரி மேம்பாலத்தில் நின்றது. என்னுடையது மட்டுமா, பாதி ஏரியாவின் கார்கள் அங்கேதான். சாயங்காலம் கண்ணாடியைச் சரியாக ஏற்றினேனா என்று சந்தேகம் வந்து பாலத்துக்குப் போனால், இரண்டு வண்டி தள்ளி ஒருவர் தன் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவரேதான். நனைந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சர்வீஸ் நல்லா பண்றாங்களா சார்?" என்றார்.

அவர் வாடகைக்கு இருந்தது பள்ளிக்கரணையில். என் வீட்டுத் தண்ணீர் அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. விலைகூடப் படிந்துவிட்டது. ஆனால் அட்வான்ஸ் தேதி குறிப்பதற்குள் டிசம்பர் 16, மார்கழி பிறந்துவிட்டது. புயலுக்கு அசராதவர் மாமியாருக்கு அசந்துவிட்டார். "தை வரட்டும்னு சொல்றாங்க சார்." மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் அன்று ரசத்துக்கு உப்பே போடவில்லை. புரோக்கர்தான் தேற்றினார்: "விடுங்க சார், மார்கழில பத்திர ஆபீஸே காத்து வாங்கும். தைல நல்ல நாள்னா அவங்களே எக்ஸ்ட்ரா டோக்கன் போடுவாங்க."

தை பிறந்தது. பளீரென்று வெயில். வெற்றிலை பாக்குத் தட்டோடு குடும்பமாக வந்தார்கள். நான் காலண்டரைக்கூடக் கழற்றி வைத்துவிட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? மாமியார் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, கிணற்றை எட்டிப்பார்த்தார்.

"கோடைல தண்ணி எப்படி?"

புரோக்கர் வாயைத் திறப்பதற்குள், அதுவரை வெளியே தலைகாட்டாமல் நாங்கள் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மாமா காம்பவுண்ட் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி ஆரம்பித்தார்.

"2019ல பாத்தீங்கன்னா..."