சோ யோங்காங்: போலீசும் கோர்ட்டும் ஒரே கையில்

சீனாவின் போலீஸையும் நீதிமன்றங்களையும் ஐந்து வருடம் கட்டி மேய்த்த சோ யோங்காங் சட்டம் படித்தவரே இல்லை, அவர் பெட்ரோலியக்காரர். 1942-ல் வூசியில் பிறந்து, பெய்ஜிங்கில் பெட்ரோலியம் படித்துவிட்டு, வடகிழக்கில் டாசிங், லியாவ்ஹே எண்ணெய் வயல்களில் வேலை பார்த்து, 1996-ல் அரசின் பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கே தலைவரானார். அப்புறம் நிலவள அமைச்சர், சிச்சுவான் மாகாணக் கட்சிச் செயலாளர், 2002-ல் போலீஸ் துறை அமைச்சர்.

2007-ல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் உச்ச அதிகாரக் குழுவான பொலிட்பீரோ நிலைக்குழுவின் ஒன்பது பேரில் ஒருவரானதோடு, கட்சியின் அரசியல் மற்றும் சட்ட விவகாரங்களுக்கான ஆணையமும் அவர் கைக்கு வந்தது. பிடிக்கிற போலீஸ், வழக்குப் போடுகிற அரசு வக்கீல், தீர்ப்புச் சொல்கிற நீதிபதி, மூன்று பேருக்கும் மேலே உட்கார்ந்திருப்பது இந்த ஆணையம்தான். அங்கே யாரிடம் போய் மேல்முறையீடு செய்வது? 2011 பட்ஜெட்டில் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 62,440 கோடி யுவான், ராணுவத்துக்கு 60,110 கோடி. எதிரி நாட்டைவிட சொந்த ஜனங்களிடம்தான் பயம் அதிகம் போல.

2012-ல் ஓய்வு பெற்றார். நிலைக்குழுவும் ஏழு பேராகச் சுருங்கியது, அவருக்குப் பின் ஆணையத்துக்கு வந்த மெங் ஜியான்ஜுவுக்கு அதில் இடம் கிடையாது. நிலைக்குழுவில் இருந்தவர்கள் மேல் ஊழல் வழக்கு பாயாது என்று எழுதப்படாத ஒரு விதி இருந்ததாகச் சொல்வார்கள், ஷி ஜின்பிங் 2014 ஜூலையில் சோ மேல் விசாரணையை அறிவித்து அதை உடைத்தார். குற்றச்சாட்டு லஞ்சம், அதிகார துஷ்பிரயோகம், அரசு ரகசியத்தைக் கசியவிட்டது. லஞ்சம் கிட்டத்தட்ட 13 கோடி யுவான், பெரும்பகுதி மனைவி, மகன் வழியாக வந்ததாம். ரகசிய ஆவணங்களை அவர் காட்டியது ஏதோ வெளிநாட்டு உளவாளியிடம் இல்லை, சாவ் யோங்ஜெங் என்ற சாமியார் மாதிரி ஒரு ஆளிடம்!

தியான்ஜினில் மூடிய கதவுக்குள் விசாரணை, 2015 ஜூன் 11-ல் ஆயுள் தண்டனை. டிவியில் காட்டியபோது தலை முழுக்க நரைத்திருந்தது. மேல்முறையீடு செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாத நீதிமன்றமா?

அவரை விசாரித்த தனிப்படைக்குத் தலைமை தாங்கியவர் என்று செய்திகளில் அடிபட்ட போலீஸ் அதிகாரி ஃபூ ஜெங்ஹுவா. 2018-ல் நீதி அமைச்சரே ஆனார். 2022 செப்டம்பரில் லஞ்ச வழக்கில் அவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை விழுந்தது.