இயல்பான குடல்வாலை எடுப்பதா? எம்.எஸ். வைவாவில் நான் தவறிய கேள்வி

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சைத் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி பெற்றுவிட்டதாகச் சென்ற வாரம் முடிவு வந்தது. முதல் முறை என்னை வீழ்த்தியவை தியரித் தாள்கள் அல்ல, வைவா எனும் வாய்மொழித் தேர்வில், உறுப்பு மாதிரிகள் வைத்த ஸ்பெசிமன் மேசையில் கேட்கப்பட்ட ஒரே கேள்விதான் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

ஃபார்மலின் ஜாடிக்குள் சுண்டுவிரல் நீளத்தில் வெளிறிய குடல்வால் ஒன்று மிதந்தது. தேர்வாளர் அதை என் பக்கம் நகர்த்தி, "52 வயது அம்மாவுக்கு லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யும் அறுவையில், பித்தப்பையை எடுக்கிறீர்கள். குடல்வால் இயல்பாகத் தெரிகிறது. அதையும் எடுப்பீர்களா, டாக்டர்?" என்றார். நான் மீசோஅப்பெண்டிக்ஸை, அதாவது குடல்வாலுக்கு இரத்தக் குழாய் வரும் சவ்வை, பிரிப்பதிலும் குடல்வாலின் அடியில் லூப் எனும் நூல் முடிச்சைப் போடுவதிலும் இறங்கிவிட்டேன். "அந்த அம்மாவிடம் கேட்டீர்களா?" என்று அவர் இடைமறித்ததும் வாயடைத்துப்போனேன்.

பரிசோதனை லேப்ராஸ்கோபிக்குத் தந்த ஒப்புதல் கருப்பையை எடுப்பதற்குப் பொருந்தாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நான் படித்திருந்தேன். ஆனால் அதைச் சட்டப் பாடமாகவே ஒதுக்கி வைத்திருந்தேன்.

மனத்தில் இருக்க வேண்டியவை:
வாழ்நாளில் குடல்வால் அழற்சி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு.
ஓர் அழற்சியைத் தடுக்க 36 பேருக்கு எடுக்க வேண்டும் என்பது 1990இல் வந்த அமெரிக்க ஆய்வின் கணிப்பு; முதியவர்களுக்குப் பயன் மிகக் குறைவு.
குடலில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய், சீக்கம் எனும் பெருங்குடலின் தொடக்கப் பகுதியைத் தாக்கியிருந்தால் குடல்வாலைத் தொடாதீர்கள். வலை வைக்கும் ஹெர்னியாவிலும் வேண்டாம், தூய்மையான அறுவையை நாமே மாசுபடுத்தலாகாது.
பிறவியிலேயே தவறாகச் சுழன்ற குடலைச் சரிசெய்யும் லாட் (Ladd) அறுவை விதிவிலக்கு; அதில் இயல்பான குடல்வாலையும் எடுப்பது வழக்கம்.
வயிற்றுச் சுவர் வழியே சிறுநீரை வெளியேற்றும் மிட்ரோஃபனாஃப் முறையில் சிறுநீர்ப்பைக்கு வழியாவது இதே குடல்வால்தான் என்பதால், பயனற்ற உறுப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு வேகமாகப் பேச வராது. குழுவாகப் படிப்பதும் ஒத்துவரவில்லை. ஆகவே தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், ஒவ்வொரு கேள்விக்கும் விடையின் முதல் வாக்கியத்தை மட்டும் சிறு நோட்டில் எழுதிப் பழகினேன். அந்த வாக்கியத்தில் முடிவும் ஒப்புதலும் இருக்க வேண்டும், கருவியின் பெயர் இருக்கக் கூடாது என்பதே விதி. மற்ற எல்லா உத்திகளையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

இம்முறை, வலது அடிவயிற்று வலியுடன் வந்த 22 வயதுப் பெண்ணுக்கு லேப்ராஸ்கோபியில் எல்லாமே இயல்பாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "முன்பே ஒப்புதல் பெற்றிருந்து, வலிக்கு வேறு காரணம் தென்படாவிட்டால் எடுப்பேன், சார், கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் குடல்வாலிலும் நுண்ணோக்கியில் அழற்சி இருக்கலாம்" என்றேன். தேர்வாளர் தலையசைத்துவிட்டு அடுத்த ஜாடியை எடுத்தார்.