வாயாடிக் கடுவனுக்குப் பேர்

பெரிய உருவம், ஓயாத வாய். இப்படி ஒரு கடுவன் பூனைக்குப் பேர் தேடுறீங்களா? சின்னப் பேரா இருக்கட்டும். 'சூ'ன்னு ஆரம்பிக்க வேண்டாம், விரட்டுறதும் அதே சத்தம்தானே.

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் பேர் வைக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. நெத்திலி, நகரைன்னு வச்சா மீன்காரம்மா கூவுறப்பல்லாம் வாசலுக்கு ஓடிப் பதில் குரல் கொடுக்கும். என் ஓட்டு 'ஓங்கி'க்கு. ஓங்கில்னா டால்பின்; பெருசு, சத்தக்காரன். 1972 வனவிலங்குச் சட்டப்படி பிடிக்கவும் விக்கவும் தடை, அதனால தெருவுல யாரும் கூவ மாட்டாங்க!

பழக்குறது பசி நேரத்துல. பேரை ஒரே தடவை சொல்லி, திரும்பிப் பார்த்ததும் அவிச்சு முள் எடுத்த சூடை மீன், சுண்டுவிரல் நகம் அளவு. வேளைக்கு அஞ்சாறு தடவை போதும். கருவாடு வேண்டாம், உப்பு. விடாம ஏலம் போட்டா பேர் வெறும் சத்தமாயிடும். திட்டவும் மருந்து கொடுக்கவும் அந்தப் பேரைத் தொடாதீங்க. கத்துறப்போ தீனி போட்டா கத்தல்தான் கூடும். வாயை மூடின நொடியில கூப்பிடுங்க.

வழக்கமில்லாத கத்தல், மண்ணுல உக்காந்து முக்கியும் மூத்திரம் வரலைன்னா அன்னைக்கே கால்நடை ஆஸ்பத்திரி. கடுவனுக்கு அந்த அடைப்பு உயிரை எடுத்துரும்.