மூன்று நிறப் போர்வை

மார்ச் 3
அக்காவுக்கு இது கர்ப்பத்தின் 30 வாரம். குழந்தைக்குப் போர்வை பின்ன நூல் வந்துவிட்டது. கருநீலம், வெள்ளை, மஞ்சள். குழந்தைக்குப் போய் யாராவது கருநீலம் எடுப்பார்களா என்று அம்மா கேட்டாள். பிறந்த குழந்தைக்கு 20, 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெரியும். அதிலும் வெளிர் நிறங்களில் கண் நிற்காது, அழுத்தமான நிறமும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். சொன்னேன். அம்மா ஒரு உருண்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அக்ரிலிக்தான். கம்பளி குத்தும், பருத்தி இந்த அளவுக்குக் கனத்துப்போகும். இதை வாஷிங் மெஷினிலேயே போடலாம்.

மார்ச் 4
கொக்கி ஊசியில் பின்னும் குரோஷேதான். அடியில் 102 செயின், அதாவது சங்கிலிபோல் வரிசையாக வளையங்கள். முதல் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதில் ஹாஃப் டபுள் (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் நடுத்தர உயரக் கண்ணி) ஆரம்பித்தால் வரிக்கு 100 கண்ணி, அகலம் முக்கால் மீட்டர் வரும். 5 மி.மீ. ஊசி. அடிச் செயினை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியில் போட்டேன். அது இறுகினால் கீழ்ப்பக்கம் முழுக்கச் சுருங்கிக் கிடக்கும், பிறகு சரிசெய்யவே முடியாது.

மார்ச் 5
ஐந்து வரி. அக்கா போனை எடுக்கவில்லை. தூங்கியிருப்பாள்.

மார்ச் 6
தூங்கித்தான் இருக்கிறாள்.

நிறம் மாற்றும் இடம் வந்தது. ஆறாவது வரியின் கடைசிக் கண்ணியில் ஊசியில் மூன்று வளையம் நிற்கும்போது கருநீலத்தை விட்டுவிட்டு, வெள்ளையைக் கொக்கியில் மாட்டி மூன்று வளையத்துக்குள்ளும் இழுக்க வேண்டும். கண்ணியை முடித்துவிட்டு மாற்றினால் அடுத்த வரியின் தலையில் பழைய நிறம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இழுத்ததும் ஊசியில் ஒற்றை வெள்ளை வளையம். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சுத்தமான கோடு!

மார்ச் 9
இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டுமாம். வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அக்கா இடது பக்கம் சாய்ந்து படுத்து எண்ணுகிறாள். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, இங்கே நான் கண்ணி எண்ணுகிறேன். பேச்சே கிடையாது. திடீரென்று “நாலு” என்பாள். பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. “நீ எத்தனைடீ?” என்றாள். அறுபத்திரண்டு என்றேன். “அஞ்சு” என்றாள்.

பத்து வந்தபோது மூன்றாவது வரியில் இருந்தேன். குழந்தையைச் சுற்றியிருக்கும் நீர் கம்மியாக இருக்கிறது என்று சொன்னதிலிருந்து அவள் குரலே மாறிவிட்டது.

மார்ச் 10
குழந்தையின் விரல் எங்கேயும் மாட்டக் கூடாது. என் சுண்டுவிரல் எந்தக் கண்ணிக்குள்ளும் நுழையவில்லை.

மார்ச் 14
ஒவ்வொரு வரியின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு சின்ன வளையம் மாட்டி வைக்கிறேன். கடைசிக் கண்ணிதான் ஏமாற்றுவது. வரியைத் திருப்பும்போது போடும் செயினோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு கண்ணிலேயே படாது. வரிக்கு ஒன்று விட்டால் போதும், போர்வை மேலே போகப் போகக் குறுகிவிடும். அடையாளம் இருந்தாலும் எண்ணாமல் திருப்புவதில்லை. நூறு. நூறு. நூறு.

மார்ச் 17
32 வாரம். இன்று முழுக்க ஒரே யோசனை. ஒரு வயது வரை தூங்கும் குழந்தை பக்கத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது. முகத்தில் ஏறி மூச்சை அடைத்துவிடும். எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும், ஓட்டை இருந்தாலும், கூடாதுதான். அப்படியானால் நான் யாருக்காக, எதற்காகப் பின்னுகிறேன்? மத்தியானம் ஊசியைத் தொடவே இல்லை.

பிறகு யோசித்தேன். விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போடலாம். தலையைத் தூக்கிப் பழகும்போது கண்ணுக்கு நேர் கீழே இந்தக் கோடுகள் இருக்கும். அக்கா மடியில் வைத்துக்கொள்ளும்போது கால் மேல் போடலாம், கை பக்கத்தில் இருக்கும். இதை அக்காவிடம் நேராகவே சொல்லிவிட வேண்டும்: தூங்க வைக்கும்போது எடுத்துவிடு. நான் கோபித்துக்கொள்வேன் என்று நினைத்து யாரும் போர்த்திவிடக் கூடாது. குஞ்சம் வைக்கப் போவதில்லை. பொத்தான், பூ எதுவும் வேண்டாம். விரலில் சுற்றுவது, பிய்த்து வாயில் போடுவது எதுவுமே இந்தப் போர்வையில் இருக்காது.

சாயங்காலம் மஞ்சளை எடுத்தேன்.

மார்ச் 22
மஞ்சள் தீரப்போகிறது, புது உருண்டை வந்தது. லேபிளில் நிற எண் அதேதான், சாய லாட் எண், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்பது, வேறு. விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலோரம் பிடித்தால் புதியது ஒரு சாயல் ஆழம். மிச்சமிருக்கும் பழைய மஞ்சளோடு இரண்டிரண்டு வரியாக மாற்றி மாற்றிப் போடுகிறேன். கண் வேறுபாட்டைக் கண்டுபிடிக்காது.

மார்ச் 24
குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர அக்காவுக்கு முதல் ஊசி போட்டார்கள். அடுத்தது 24 மணி நேரம் கழித்து.

மார்ச் 25
இரண்டாவதும் போட்டாயிற்று. வெள்ளை ஆறு வரி. தூக்கம் இல்லை.

மார்ச் 26
அம்மா அக்காவிடம் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். எட்டு மணிக்குச் செய்தி, பத்து அசைவும் வந்துவிட்டது என்று. கேட்டதும் பசித்தது.

மார்ச் 31
34 வாரம். பதினைந்தாவது பட்டையும் முடிந்தது. 90 வரி, 90 செ.மீ. பட்டைக்கு இரண்டு என்று வைத்தாலே முப்பது நூல்முனை தொங்குகிறது. முடிச்சுப் போட்டு வெட்டினால் வேலை சுலபம், ஆனால் முடிச்சு முதுகில் உறுத்தும், துவைக்கத் துவைக்க அவிழும். மழுங்கிய முனை ஊசியில் கோத்து, அதே நிறப் பட்டைக்குள் ஒரு பக்கம் கொண்டுபோய், திருப்பி மறு பக்கம், மறுபடியும் ஒருமுறை. பிறகு துணியை நாலாபக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறேன்.

ஏப்ரல் 2
அக்கா அழுதாள். ஏன் என்று கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. எட்டு நூல்முனை.

ஏப்ரல் 7
35 வாரம்! நீர் மேலும் குறையவில்லை, அப்படியே இருக்கிறது என்றார்களாம். எவ்வளவு நல்ல செய்தி!

ஓரத்துக்குக் கருநீலத்தில் சிங்கிள், குட்டையான கண்ணி. மேலும் கீழும் கண்ணிக்கு ஒன்று, மூலைக்கு மூன்று. பக்கவாட்டில் கண்ணியே தெரியாது, வரிகளின் விளிம்புதான் இருக்கும். அங்கே இரண்டு வரிக்கு மூன்று என்று போட்டால் படிந்து நிற்கிறது. அதிகம் போட்டால் ஓரம் அலையலையாகும், குறைத்தால் உள்ளே இழுக்கும்.

சுண்டுவிரல் பக்கவாட்டில் ஒரு இடத்தில் நுழைகிறது. அந்த இடத்தில் இன்னொரு சிங்கிள் போட்டு அடைத்தேன்.

ஏப்ரல் 9
மூன்று பக்கம் முடிந்தது. அக்கா எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஏழு வந்துவிட்டது, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. மூலைக்கு மூன்று போட்டுத் திரும்பிவிட்டேன், நாலாவது பக்கம்